மீன்பிடிப்பதையே உயிராக நினைத்த அப்பாவின் வாழ்க்கையைத் தொகுப்பது எப்படி

மீன்பிடிப்பதில் அத்தனை ஆசையாக இருந்த ஒருவர் இறந்துபோனால், அவரைப் பற்றிப் பேசவும் எழுதவும் உட்காரும் குடும்பத்துக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அவர் மிகவும் சந்தோஷமாக இருந்த நேரங்களில் பெரும்பகுதி, வீட்டில் யாரும் பார்க்காத இடத்தில் கழிந்திருக்கிறது. விடியும் முன் கதவு சாத்தும் சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்கும், திரும்பி வந்தபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று பார்த்திருப்பீர்கள், நடுவில் நடந்தது எதுவும் தெரியாது. கரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கோ, அவர் மகளுக்குத் தலைவாரிவிட்டது தெரியாது, பரீட்சை நேரத்தில் ராத்திரி கூடவே விழித்திருந்தது தெரியாது. ஆளுக்குப் பாதி மனிதரைத்தான் தெரியும். அந்த இரண்டு பாதியையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பதுதான் நீங்கள் செய்யவேண்டிய முக்கியமான வேலை என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் அதற்கு உதவும் சின்னச் சின்ன வேலைகள்.

அப்பா என்றே எழுதுகிறேன், உங்களுக்கு அது தாத்தாவாக, கணவராக, அண்ணனாக, மாமாவாக இருக்கலாம்.

முதல் சில வாரங்களில்

துக்கம் நடந்த வீட்டில் ஒரு கட்டத்தில் எல்லாரும் சுத்தம் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். கை சும்மா இருந்தால் மனசு தாங்காது, அதனால் எதையாவது ஒழிப்பார்கள். அதில் முதலில் போவது அவருடைய மீன்பிடி சாமான்கள்தான், ஏனென்றால் வாடை அடிக்கும், தூண்டில் முள் குத்தும், துருப்பிடித்திருக்கும், இனி யாருக்கும் தேவையில்லை என்று தோன்றும். தயவுசெய்து யாராவது ஒருவர் குறுக்கே நின்று தடுத்துவிடுங்கள். வாடை தாங்க முடியவில்லை என்றால் வீட்டுக்கு வெளியே மழை படாத இடத்தில் வையுங்கள், போதும்.

எதையும் நகர்த்தும் முன் இருப்பதை இருந்தபடியே படம் எடுங்கள். பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு தட்டாக, எந்த அறையில் என்ன முள், எங்கே ஈய எடை, எங்கே மிதக்கும் தக்கை, எங்கே அவர் வாங்கிப் பிரிக்காமலே வைத்திருந்த செயற்கை இரை என்று தெரியும்படி. அவர் எதை எதற்குப் பக்கத்தில் வைத்தார் என்பதில் அவர் யோசித்த விதம் இருக்கிறது, ஒருமுறை கலைத்துவிட்டால் திரும்ப அடுக்க யாராலும் முடியாது. அவர் கரைக்குப் போட்டுப்போன சட்டை, தொப்பி, பை ஆகியவற்றின் பாக்கெட்டுகளைத் துவைக்கும் முன் பார்த்துவிடுங்கள், ஆனால் கையைச் சட்டென்று விடாதீர்கள், முள் இருக்கும்.

அப்புறம் அவருடைய போன். இதில் அவசரம் உண்டு. எண்ணை உடனே துண்டித்துவிடாதீர்கள். பல கணக்குகளைத் திறக்க ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும், எண்ணை விட்டுவிட்டால் கொஞ்ச நாளில் அது வேறு யாருக்காவது போய்விடும். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்பாட்டில் இல்லாமல் இருந்தால் பொதுவாக நீக்கப்பட்டுவிடும், கூகுள் கணக்கை 2 வருடம் யாரும் தொடாமல் இருந்தால் அதையும் அதில் உள்ள படங்களையும் நீக்கும் உரிமை அந்த நிறுவனத்துக்கு இருக்கிறது. அதனால் யாருக்கெல்லாம் அவர் குரல் பதிவு அனுப்பியிருக்கிறாரோ அவர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் உரையாடலை மீடியாவோடு சேர்த்து ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். "இன்னும் அரை மணியில் வந்துடுவேன், சாப்பிட்டுடுங்க" என்று காற்றுச் சத்தத்துக்கு நடுவில் அவர் சொன்ன பத்து விநாடிப் பதிவு இன்று சாதாரணமாகத் தெரியும். பேரப்பிள்ளைகள் வளர்ந்தபிறகு அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். பேஸ்புக் கணக்கு இருந்தால் அதை அழிக்காமல் நினைவுக் கணக்காக மாற்றக் கேட்கலாம், அதற்கு விண்ணப்பப் படிவம் உண்டு.

கரையில் கூட இருந்தவர்கள்

இந்தப் பகுதியில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிடவேண்டும், நிறையக் குடும்பங்கள் விட்டுவிடுவதும் இதைத்தான். அப்பாவோடு மீன்பிடிக்கப் போனவர்கள் துக்கத்துக்கு வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போயிருப்பார்கள். சிலருக்கு வீட்டு ஆட்களிடம் பேசிப் பழக்கமே இருக்காது. சிலருடைய முழுப்பெயர்கூட உங்களுக்குத் தெரியாது, அப்பா வைத்த பட்டப்பெயர்தான் தெரியும். போனில் அடிக்கடி அழைத்த எண்கள், அதிகாலை நாலு மணிக்கு வந்த குறுஞ்செய்திகள், குழுப் படங்கள், இவற்றை வைத்து அவர்களைத் தேடிப் பிடியுங்கள். அவர் தூண்டில் சாமான் வாங்கிய கடைக்காரரையும், படகு கொடுத்தவரையும் விட்டுவிடாதீர்கள்.

வயதில் மூத்தவர்களிடம் முதலில் போங்கள். காரணம் சொல்லவேண்டியதில்லை.

வீட்டுக்கு வரச்சொல்லி நாற்காலியில் உட்காரவைத்து "அப்பாவைப் பற்றிச் சொல்லுங்க" என்று கேட்டால், "தங்கமான மனுஷன்" என்று சொல்லிவிட்டு அவர்களும் அழுவார்கள், நீங்களும் அழுவீர்கள், அத்தோடு முடிந்துவிடும். முடிந்தால் அப்பாவும் அந்தக் கூட்டாளியும் உட்கார்ந்த அதே கரைக்கு அவரோடு போங்கள். அது முடியாவிட்டால் அப்பாவின் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் திறந்து வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். அவரே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, இது இன்ன நாள் வாங்கினது, இதை நான்தான் கொடுத்தேன், இந்த ஈயத்தைத்தான் அவன் ராசி என்பான் என்று ஆரம்பிப்பார். பொருளைக் கையில் பிடித்தால் வரும் ஞாபகம் கேள்வி கேட்டால் வராது.

கேள்வி கேட்டே ஆகவேண்டும் என்றால் சின்னதாக, திட்டமாகக் கேளுங்கள். எந்தப் பக்கம் உட்காருவார்? பேசுவாரா, பேசாமலே இருப்பாரா? மீன் தூண்டில் இழையான நரம்பை அறுத்துக்கொண்டு போனால் என்ன சொல்வார்? திட்டுவாரா, சிரிப்பாரா, உடனே அடுத்த முள்ளைக் கட்ட ஆரம்பித்துவிடுவாரா? பிடித்ததில் எதையெல்லாம் திரும்பத் தண்ணீரில் விடுவார்? பக்கத்தில் புதிதாக யாராவது தடுமாறினால் எழுந்து போய்ச் சொல்லிக்கொடுப்பாரா? ஒன்றுமே மாட்டாத நாளில் எத்தனை மணிவரை உட்கார்ந்திருப்பார்? அங்கே எங்களைப் பற்றி என்ன பேசுவார்? இந்தக் கடைசிக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். நிறைய அப்பாக்கள் பிள்ளைகளைப் பற்றிய பெருமையைப் பிள்ளைகளிடம் சொல்லவே மாட்டார்கள், தூண்டில் போட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்தபடி பக்கத்தில் இருப்பவரிடம்தான் சொல்லியிருப்பார்கள். கவலைகளும் அப்படித்தான். கடன், வேலை, உடம்பு பற்றி வீட்டில் மூச்சுவிடாதவர் அங்கே பேசியிருக்கலாம். அதைக் கேட்க மனசைத் தயார்படுத்திக்கொண்டு போங்கள்.

பேசுவதைப் பதிவு செய்ய போனில் இருக்கும் குரல் பதிவுச் செயலியே போதும். அனுமதி கேட்டுவிட்டு, போனை விமானப் பயன்முறையில் போட்டு, அவருக்கு ஒரு முழத் தூரத்தில் மடித்த துணிமேல் வையுங்கள். மேசைமேல் நேராக வைத்தால் ஒவ்வொரு தட்டலும் பதிவாகும். மின்விசிறியை நிறுத்துங்கள். கரையில் பதிவு செய்வதானால் காற்றுக்கு முதுகு காட்டி உட்காருங்கள், மைக் இருக்கும் பக்கத்தை மெல்லிய துணியால் சுற்றுங்கள். பதிவின் ஆரம்பத்திலேயே இன்று தேதி என்ன, பேசுபவர் யார், அப்பாவை எந்த வருடம் முதல் தெரியும் என்று சொல்லிவிடுங்கள். அவர் சொல்வதில் தேதி தப்பாக இருந்தால் நடுவில் திருத்தாதீர்கள், ஓட்டம் நின்றுவிடும். பிறகு நீங்கள் எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் காத்திருந்தவர்கள்

அம்மாவிடம் கேட்காமல் இந்தக் கதை முடியாது. ஒரு மனிதர் வாரம் தவறாமல் தண்ணீர்க்கரைக்குப் போக முடிந்தது என்றால், அந்த நேரத்தில் குழந்தைகளையும் அடுப்பையும் வந்தவர் போனவரையும் வேறு ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அர்த்தம். அம்மாவின் மனசில் பெருமையும் இருக்கும், கோபமும் இருக்கும். இருட்டியும் வராத நாளில் வாசலில் நின்ற பயம் இருக்கும். விசேஷத்தன்று காணாமல் போனதற்கு இன்னும் ஆறாத வருத்தம் இருக்கலாம். அதையெல்லாம் இறந்தவரைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று நீங்களாகவே வெட்டிவிடாதீர்கள். அம்மாவே வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அது அவர் உரிமை.

மீன்பிடிக்கிறவர் என்றாலே பொறுமைசாலி என்று எழுதிவிட எல்லாருக்கும் கை துடிக்கும். உங்கள் அப்பா நிஜமாகவே பொறுமைசாலியா? கரையில் ஆறு மணிநேரம் அசையாமல் இருந்தவர், வீட்டில் செருப்பு இடம் மாறினாலே சத்தம் போடுகிறவராக இருந்திருக்கலாம். இரண்டையும் எழுதுங்கள். அப்படி எழுதினால்தான் படிக்கிற தம்பிக்கும் தங்கைக்கும் அது அவர்தான் என்று தெரியும். நல்லதை மட்டும் பொறுக்கி எழுதினால் அது எந்த அப்பாவுக்கும் பொருந்தும்.

பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், சேர்த்து உட்காரவைத்துக் கேட்காதீர்கள். மூத்தவருக்குக் கிடைத்த அப்பா வேறு, கடைசிப் பிள்ளைக்குக் கிடைத்த அப்பா வேறு. அவர் யாரைக் கூட அழைத்துப் போனார், யாரை அழைத்துப் போகவில்லை என்பதும் வெளியே வரும். பெண் என்பதால் கூட்டிப்போகாமல் விட்ட மகளுக்கு அதில் ஒரு வலி இருந்தால், அதற்கும் இந்தத் தொகுப்பில் இடம் கொடுங்கள்.

பெட்டியும் கம்பும்

படம் எடுத்து, கூட்டாளிகளிடம் காட்டி முடித்தபிறகு சாமான்களுக்கு வாருங்கள்.

பெட்டியில் நரம்போடு கட்டிய முட்கள் சில நிச்சயம் இருக்கும். அந்த முடிச்சுகள் அவர் கையால் போட்டவை. அவற்றை அறுக்காதீர்கள். மீன்பிடிப்பவர்களில் நிறையப் பேர் போடும் கிளிஞ்ச் முடிச்சில், நரம்பை முள்ளின் கண்ணில் நுழைத்து அதன்மேலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றி, கண்ணுக்குப் பக்கத்தில் உண்டான வளையத்தில் நுனியை விட்டு, எச்சிலால் நனைத்து இழுப்பார்கள். நனைக்காமல் இறுக்கினால் உரசும் சூட்டில் நைலான் பலவீனமாகிவிடும், அதற்காகத்தான் அந்த எச்சில். உங்கள் அப்பா போட்டது இதுவா, பாலோமர் என்ற இன்னொரு முடிச்சா, யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்த வேறொன்றா என்று கூட்டாளியிடம் காட்டிக் கேளுங்கள். அவர் அதே முடிச்சைப் போடுவதை, கை மட்டும் தெரியும்படி, மெதுவாக ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். பேரன் பேத்தி பின்னால் கற்றுக்கொள்ள நினைத்தால் தாத்தாவின் முடிச்சையே கற்றுக்கொள்ளலாம்.

நரம்பைச் சுற்றும் ரீலை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் காயவிட்டு, நரம்பு எவ்வளவு இறுக்கமாக ஓடும் என்பதைக் கட்டுப்படுத்தும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கமாகவே விட்டால் உள்ளே இருக்கும் தகடுகள் அழுந்திப் போகும். குழாயை வேகமாகத் திறந்து கழுவாதீர்கள், உப்பும் மணலும் உள்ளே போய்விடும். நைலான் நரம்பு வெயில் பட்டால் வலுவிழக்கும், பழைய நரம்பை நம்பி யாரும் மீன் பிடிக்கப் போகக்கூடாது, ஆனால் ரீலில் அவர் கடைசியாகச் சுற்றியதை அப்படியே விடலாம். கம்பைச் சுவரில் சாய்த்து வருடக்கணக்கில் விட்டால் வளைந்துவிடும், படுக்கை வாட்டில் இரண்டு மூன்று இடத்தில் தாங்கி வையுங்கள். மூங்கில் கம்பாக இருந்தால் ஈரமும் ஆகாது, அதிகச் சூடும் ஆகாது. கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும், மாடியிலோ வாசலிலோ மின்கம்பிக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துப் பிள்ளைகள் விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈயத்தில் கவனம் வேண்டும். குழந்தைகள் வாயில் போடும் அளவில் இருக்கும், ஈயம் நஞ்சு. தொட்டால் கை கழுவுங்கள். கண்ணாடிப் பெட்டியில் அலங்காரமாக வைக்க நினைத்தால் முட்களின் முனையைத் தக்கையில் குத்தி வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உள்ளே போட்டு மூடிவிடுங்கள்.

பங்கு பிரிப்பதில் என் கருத்து ஒன்று: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பூட்டி வைக்காதீர்கள். ஆளுக்கு ஒரு பொருள் போகட்டும், கரைக் கூட்டாளிக்கும் ஒன்று போகட்டும். அவர் அதைத் தொடர்ந்து உபயோகிப்பார், அந்த ரீல் திரும்பவும் சுற்றும். வீட்டுக்கு, அவர் அதிகம் தொட்ட ஒன்றிரண்டு பொருள் இருந்தால் போதும்.

நோட்டுப் புத்தகம் ஏதாவது கிடைத்தால் அது புதையல். சிலர் தேதி, தண்ணீர் நிலவரம், காற்று, இரை, எத்தனை மாட்டியது என்று எழுதி வைப்பார்கள். பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யுங்கள், வெற்றுப் பக்கத்தையும் விடாமல். ஓரத்தில் வீட்டுச் செய்தி ஏதாவது இருக்கும், "சின்னவனுக்குக் காய்ச்சல், போகலை" என்பது மாதிரி. அந்த வரிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம். பக்கத்தில் மீன் செதில் ஒட்டியிருந்தால் துடைத்துவிடாதீர்கள். மரத்தின் வெட்டில் தெரிவது போல செதிலிலும் வளர்ச்சி வளையங்கள் உண்டு, பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்த மீனுக்கு ஏறக்குறைய எத்தனை வயது என்று கணிக்க முடியும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

படங்கள்

பழைய அச்சுப் படங்களைப் போனில் படம் எடுப்பதோடு நிறுத்தாமல் ஸ்கேனரில் 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்யுங்கள், பெரிதாக்கினாலும் முகம் தெளிவாக இருக்கும். ஒட்டும் பசைத்தாள் கொண்ட பழைய ஆல்பங்களில் படம் ஒட்டிக்கொண்டுவிடும், விரலால் பிய்க்காதீர்கள், பல் இடுக்கு சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெதுவாக அறுத்து எடுக்கலாம், அதற்கும் வராவிட்டால் தாளோடு சேர்த்தே ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். பின்பக்கத்தில் எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். கூட்டாளிகளிடம் போனில் இருக்கும் படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கும்போது "டாக்குமெண்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு, எடுத்த தேதியும் இடமும் அழிந்துவிடும், உங்களுக்கு வேண்டியதே அவை இரண்டும்தான்.

தேதி தெரியாத படத்தில் சில துப்புகள் கிடைக்கும். அவர் கையில் கார்பன் கம்பு இருந்தால் படம் 1970-களுக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பில்லை, அப்போதுதான் அவை விற்பனைக்கு வந்தன. பிள்ளைகளின் உயரம், விழுந்த பல், பின்னால் நிற்கும் வண்டி எல்லாம் உதவும்.

மீனின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. கையை நீட்டி மீனைக் கேமராவுக்குப் பக்கமாகப் பிடித்தால் படத்தில் அது பெரிதாகத் தெரியும், எல்லாரும் அப்படித்தான் பிடிப்பார்கள். மீனின் எடை ஏறக்குறைய நீளத்தின் முப்படியாகக் கூடும், அதனால் சொல்லும்போது நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டால் எடையில் எழுபது சதவீதம் கூடிவிடும். அப்பா சொன்ன அளவைப் பொய் என்று நிரூபிக்க இதைச் சொல்லவில்லை. அவர் சொன்னது அவர் சொன்னதாகவே, அவர் வார்த்தையிலேயே இருக்கட்டும், பக்கத்தில் படத்தை வையுங்கள். ஒவ்வொரு வருடமும் அந்தக் கதையை அவர் எப்படிச் சொன்னார், யார் இடையில் புகுந்து திருத்தினார்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்பதும் நினைவில் வைக்கவேண்டியதுதான்.

எல்லாவற்றையும் மூன்று பிரதியாக வையுங்கள், இரண்டு வேறு வகைச் சாதனத்தில், ஒன்று கட்டாயம் வேறு வீட்டில். கோப்பின் பெயரிலேயே வருடம், இடம், யார் என்று எழுதுங்கள்.

எழுதுவது

இப்போது கையில் நிறைய இருக்கும். பிறந்த தேதி, படிப்பு, வேலை, கல்யாணம், இறப்பு என்ற வரிசையில் எழுத ஆரம்பிக்காதீர்கள், அந்த விவரங்கள் ஒரு பக்கத்தில் தனியாக இருக்கட்டும். ஒரு சாதாரண நாளை எழுதுங்கள். அவர் மீன்பிடிக்கப் போன ஒரு நாள், முந்தின ராத்திரி முதல் மறுநாள் ராத்திரி வரை. இரையை எங்கே வைத்தார், அம்மா அதற்கு என்ன சொன்னார், அலாரம் அடித்ததா, தானாக விழித்தாரா, யாரையும் எழுப்பாமல் இருட்டில் எப்படி நடந்தார், இது வீட்டுக்காரர்கள் சொன்னது. அங்கிருந்து கூட்டாளி எடுத்துக்கொள்வார், வண்டியில் என்ன பேசினார்கள், முதலில் எங்கே தூண்டில் போட்டார்கள், மதியம் என்ன ஆயிற்று. சாயங்காலம் திரும்ப வீட்டு வாசலில் இறங்கும்போது கதை மறுபடி அம்மா கைக்கும் பிள்ளைகள் கைக்கும் வரும், யார் ஓடிப்போய்ப் பையைத் திறந்தார்கள், மீனை யார் கழுவினார்கள், அவர் எங்கே உட்கார்ந்து கண் அசந்தார் என்று. இப்படி எழுதினால் இரண்டு பாதியும் தானாகவே ஒட்டிக்கொள்ளும், வேறு எந்த உத்தியும் தேவைப்படாது.

அவர் வாயில் அடிக்கடி வந்த வார்த்தைகளை அப்படியே பேச்சு வழக்கில் எழுதுங்கள், திருத்தமான தமிழுக்கு மாற்றாதீர்கள். "அன்பானவர், பண்பானவர், எல்லோருக்கும் உதவியவர்" போன்ற வரி எழுதும்போதெல்லாம் நிறுத்தி, யாருக்கு, எப்போது, என்ன செய்தார் என்று கேட்டுக்கொண்டு அதையே அந்த இடத்தில் எழுதுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அந்த வரியை எடுத்துவிடலாம்.

நினைவுக் கூட்டத்தில் பேசுவதானால் இதிலிருந்து இரண்டே சம்பவம் எடுங்கள், வீட்டிலிருந்து ஒன்று, கரையிலிருந்து ஒன்று. பெரிய எழுத்தில் அச்சடித்து, வீட்டில் சத்தமாக வாசித்து நேரம் பாருங்கள், ஐந்து நிமிடத்துக்குமேல் போனால் குறையுங்கள். தொண்டை அடைத்துவிட்டால் தொடர்ந்து வாசிக்க இன்னொருவர் கையில் ஒரு பிரதி இருக்கட்டும்.

குழந்தைகளிடம்

இது ரொம்ப முக்கியம். "தாத்தா மீன் பிடிக்கப் போயிருக்காரு" என்று சின்னக் குழந்தையிடம் சொல்லாதீர்கள். கேட்பதற்கு அழகாக இருக்கும், சொல்வது சுலபம், ஆனால் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குச் சாவு என்றால் திரும்பி வராதது என்று சரியாகப் புரியாது. குழந்தை வாசலில் காத்திருக்கும், அல்லது அடுத்து தன் அப்பா தூண்டிலை எடுத்தால் இவரும் வரமாட்டாரோ என்று பயப்படும். தாத்தா இறந்துவிட்டார், அவர் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி வரமாட்டார், அவரைப் பற்றி எப்போது வேண்டுமானாலும் பேசலாம் என்று நேராகவே சொல்லுங்கள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், அதே பதிலைத் திரும்பச் சொல்லுங்கள்.

கைக்கு ஏதாவது வேலை கொடுத்தால் பிள்ளைகள் நன்றாகப் பேசுவார்கள். தாத்தா பிடித்த வகை மீன் ஒன்றை வாங்கி, ஈரம் துடைத்து, ஒரு பக்கத்தில் நச்சில்லாத மையை மெல்லத் தடவி, மெல்லிய தாளை மேலே போட்டு விரலால் அழுத்தி எடுத்தால் செதில், துடுப்பு, வால் எல்லாம் அச்சாக வரும். தேதி போட்டு வையுங்கள். அதைச் செய்யும்போது தாத்தாவைப் பற்றி அவர்கள் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள், பெரியவர்கள் யாரும் கவனிக்காத ஒன்றைப் பிள்ளைகள் கவனித்திருப்பார்கள்.

தண்ணீர்க்கரையில் ஒரு நாள்

அவர் வழக்கமாக உட்கார்ந்த இடத்துக்குக் குடும்பமும் கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு நாள் போவதை நான் எல்லாருக்கும் சொல்வேன். வீட்டார் முதல்முறையாக அந்த இடத்தைப் பார்ப்பார்கள். அனுமதி அல்லது உரிமம் தேவையா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள், பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை போடுங்கள், அம்மா உட்கார நிழலும் நாற்காலியும் ஏற்பாடு செய்யுங்கள். மீன் மாட்டவேண்டும் என்று எதிர்பார்த்துப் போகவேண்டாம். கூட்டாளிகளை அவரவர் வழக்கமான இடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, அப்பாவின் இடத்தில் பிள்ளைகள் மாறி மாறி உட்காருங்கள்.

ஆனால் அவர் நேசித்த தண்ணீரைக் கெடுக்கும் எதையும் அதில் போடாதீர்கள். அவருடைய ஈயக் குண்டுகளை நினைவாக எறிவது வேண்டாம். இங்கிலாந்தில் அன்னங்கள் அவற்றை விழுங்கி ஏராளமாகச் செத்ததால்தான் 1987-இல் சிறிய ஈய எடைகளுக்குத் தடையே வந்தது. பலூன், பிளாஸ்டிக் விளக்கு, அறுந்த நரம்பு எதுவும் வேண்டாம். நரம்பு பறவையின் காலில் சுற்றினால் அவிழாது. கடையில் உயிருள்ள மீன் வாங்கிவந்து நினைவாக விடுகிறேன் என்று யாராவது நல்ல மனதோடு சொல்வார்கள், அதையும் தடுத்துவிடுங்கள், வெளி மீனோடு நோயும் உள்ளே வரும், சில இனங்கள் அங்கே உள்ளதையே அழித்துவிடும். ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்றால் ஆளுக்கு ஒரு பை கொண்டுபோய்க் கரையில் கிடக்கும் பழைய நரம்பையும் குப்பையையும் பொறுக்கி எடுத்து வாருங்கள்.

அன்றைக்குப் புதிதாகச் சில கதைகள் வரும், அதனால் தொகுப்பை அச்சடிப்பதாக இருந்தால் அந்த நாளுக்குப் பிறகு கொடுங்கள். கடைசியில் பத்துப் பதினைந்து வெற்றுப் பக்கங்கள் விடச் சொல்லுங்கள். கூட்டாளிகளுக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்து, ஞாபகம் வந்ததை அதில் எழுதச் சொல்லி, வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுங்கள். எழுத வராதவர்கள் குரல் பதிவாக அனுப்பட்டும், வீட்டில் யாராவது ஒருவர் அதை எழுதிச் சேர்க்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்.